இருபத்தொன்பதாவது சுற்று

ஸ்டெல்லா டீச்சர் என் ஆட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். விரல் நகத்தால் அதன் முதுகை லேசாகச் சுரண்டினார். பிறகு மேஜையின் கடைசி ஓரத்தில், போட்டியில் சேராத சாமான்களோடு, மெதுவாக வைத்தார்.

"தப்பா நெனைக்காதிய எஸ்தர்க்கா. இது மெஷின்ல செஞ்சதுல்லா?" என்றார்.

காகித ஆடு அது. வெள்ளைத் தாளை மெல்லிய நாடாவாக நறுக்கி, ஒவ்வொரு நாடாவையும் சட்டைப் பொத்தான் அளவுக்கு இறுக்கிச் சுருட்டி, சுருள்களை அட்டையில் நெருக்கி ஒட்டிச் செய்தது. உடம்பு முழுக்க இருநூற்றுப் பன்னிரண்டு சுருள். முகமும் நாலு காலும் கறுப்புத் தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, பெண்கள் ஐக்கியத்தார் அத்தனை பேரும் சர்ச் ஹாலில் டீக் கப்போடு நின்றிருந்தார்கள். யாரோ பிஸ்கட்டைக் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னா டீச்சர் இப்டி சொல்றீங்க?"

"ஒவ்வொண்ணும் அச்சு வச்ச மாதிரி ஒரே அளவு இருக்கு. கையால சுத்துனா ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு வரும்லா. நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நொடிதான் சுருக்கென்று தைத்தது.

ஆயருக்கு ஆடு

எங்கள் ஆயருக்கு மாற்றல் வந்திருந்தது. ஐந்தாறு வருஷம் எங்களோடு இருந்தவர். புது வருஷம் பிறந்ததும் வேறு சபைக்குப் போகவேண்டும். வழியனுப்ப என்ன கொடுப்பது என்று பெண்கள் ஐக்கியம் கூடிப் பேசியது. சுவர்க் கடிகாரம் வேண்டாம், அவர் வீட்டில் ஏற்கெனவே ஏழு இருக்கிறது என்று ஆயரம்மாவே வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒரு முடிவு வந்தது. ஆளுக்கொரு பரிசு கையால் செய்து கொண்டுவருவது. அதில் சிறந்ததைக் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் சபை முன்னால் கொடுப்பது. செய்தவர் பெயரை ஆயரே மைக்கில் வாசிப்பது. தேர்ந்தெடுக்கிற பொறுப்பு ஸ்டெல்லா டீச்சருக்கு. முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் அவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து எங்கள் சபையில் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. நேர்மையான மனுஷி. அதனால்தான் வம்பே.

கையால் செய்தது என்பதில் மட்டும் எல்லாரும் கறாராக இருந்தார்கள். காரணம் உண்டு. முந்தின வருஷம் ஒரு அம்மா கொண்டுவந்த 'சொந்தக் கைவேலை'யின் அடியில் கடைக்காரர் விலைச் சீட்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

மைக்கில் பெயர் வாசிப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பெரிய விஷயம்தான். அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்து, அங்கேயே தாலி கட்டிக்கொண்டவள் நான். ஆனால் சபையில் விருந்து என்றால் என்னைத் தேடுவது வெங்காயம் உரிக்க. எங்கள் மண்ணூர்பேட்டைப் பெண்களுக்கு வெங்காயம், பூண்டு, அண்டா கழுவுவது. மேடை அலங்காரம், வாழ்த்து அட்டை, பாட்டுக் குழுவுக்குப் புடவை எடுப்பதெல்லாம் முகப்பேர் பிளாட்டுக்காரர்கள். யாரும் திட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுகிற மாதிரி அது தானாக அப்படி ஆகிவிட்டது.

வெங்காயம் நான் நன்றாகவே உரிப்பேன். ஆனாலும் ஐம்பத்தாறு வயதில், ஒரே ஒரு தடவை, வெங்காயம் சம்பந்தப்படாத விஷயத்துக்காக என் பெயர் அந்த மைக்கில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஆடு என்று முடிவு செய்ததும் நான்தான். ஆயர் என்றால் மேய்ப்பர். மேய்ப்பருக்கு ஆட்டைத் தவிர வேறு எதைக் கொடுப்பது? கிறிஸ்துமஸ் குடிலிலும் ஆடு இருக்கிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

வீட்டுக்காரர் தேவராஜ் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஆயருக்கு ஆடு, ரைட்டுதான். ஆனா பிரியாணிக்கு ஒதவாத ஆட்ட குடுக்கிறியே எஸ்தரு. மன்சன் ஏமாந்துடுவாரு."

"இந்தாய்யா, வாய மூடிகினு அந்த பிளேட எடு."

நாடா நறுக்கித் தருவது அவர் வேலை. தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். இரும்பு ஸ்கேலை வைத்து பிளேடால் ஒரு இழுப்பு இழுத்தால் மூன்று மில்லி என்றால் மூன்று மில்லிதான். வாய் மட்டும்தான் அளவில் நிற்காது.

நான் படித்தது குயில்

இந்தக் கலைக்குக் குயிலிங் என்று பெயர். எனக்கு அது வந்து சேர்ந்ததே ஒரு தப்பால்.

எங்களுக்கு ஒரே மகள், ஷீபா. நர்ஸ். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். போன மறு வாரம், வேறு எதையும் செய்யப் பிடிக்காமல், அவள் அலமாரியைத் துடைக்க உட்கார்ந்தேன். அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கலர் கலராகத் தாள் நாடாக்கள், மரக் கைப்பிடி போட்ட ஒரு ஊசி. மூடியில் அவள் பள்ளிக்கூடக் காலத்துக் கையெழுத்து. கடைசி எழுத்துகள் அழிந்துபோய் 'குயில்' மாதிரி ஏதோ தெரிந்தது.

சரி, குயில் செய்கிற சாமான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை ஆரம்பித்து முடிக்காமல் போய்விட்டாள், நாம் முடித்து வைப்போம் என்று தோன்றியது. டப்பாவில் கறுப்பு நாடா இல்லை. கடைக்குப் போய்க் கறுப்புச் சார்ட் வாங்கி வந்தேன். ஊசி நுனியில் இருந்த பிளவில் தாளைச் செருகிச் சுற்றிப் பார்த்தேன். விரலுக்கு அந்த வேலை உடனே பிடித்துப்போயிற்று. ஒரு வாரத்தில் ஒரு குயில் தயார். சிவப்புக் கண்கூட வைத்தேன்.

பொங்கலுக்கு அதை எதிர்வீட்டு லட்சுமிக்குப் பரிசாகக் கொடுத்தேன்.

"ஐய, காக்கா சோக்கா கீதுக்கா!"

"குயிலுடி அது."

"குயிலா? சரி வுடுக்கா, ரெண்டும் ஒரே கூட்லதான வளருது."

அன்று வீடியோ போனில் ஷீபாவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து நர்ஸ்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "அம்மா, அது குயில் இல்லம்மா, குயிலிங். பேப்பர சுருட்டறது. நான் ஒம்போதாவதுல பூ செஞ்சேனே, ஞாபகம் இல்லையா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குயில் வேலை. தீபாவளிக்கு லட்சுமிக்கு ஒரு அகல் விளக்கு. ரம்ஜானுக்கு முனைக்கடை டெய்லர் பாய்க்கு ஒரு பிறை. அவர் அதைத் தையல் மெஷினுக்கு மேலே மாட்டி, துணி கொடுக்க வருகிற எல்லாரிடமும் "நம்ம எஸ்தரக்கா செஞ்சது" என்று சொல்கிறார். வாடகைக்கு வந்த ஒரு ஐடி தம்பதியின் குழந்தைக்குப் பெயர் சூட்டினார்கள், அதற்கு ஒரு யானை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இருக்கட்டும். என் குஞ்சு பொன்தான் என்பதற்கு என்னிடம் காரணம் உண்டு.

கேட்டால் எண்ணைச் சொல்வோம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் காயில் சுற்றியவள் என்பது மனப்பாடம் ஆகியிருக்கும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் பிரித்தவர்களுக்காக நாலு வரி எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாமான் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. அதில் செம்புக் கம்பியைப் பாபினில் சுற்றுகிற அறையில் பதினோரு பெண்கள். என் பெஞ்சுக்கு வருகிற காயிலுக்கு இருபத்தெட்டுச் சுற்று. கையால்தான் சுற்றவேண்டும். இருபத்தேழு என்றால் சாமான் ஓடாது. இருபத்தொன்பது என்றாலும் செக்கிங்கில் சாக்பீஸ் கோடு போட்டுத் தட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பியை இழுத்துப் பிடிக்கிற இறுக்கமும் முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை ஒன்றாக இருக்கவேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் என் தட்டு ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. நான் கர்வி என்று அங்கே ஒரு பெயர் உண்டு. அது பொய் இல்லை.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. சுற்றிக்கொண்டிருப்பவளிடம் பேசக்கூடாது. பேசினால் அவள் பதில் சொல்லமாட்டாள். கையில் ஓடுகிற எண்ணைச் சொல்வாள்.

"எஸ்தரு, மணி இன்னா ஆச்சு?"

"பத்தொம்போது."

கேட்டவள் புரிந்துகொண்டு இன்னும் ஒன்பது சுற்றுக்குக் காத்திருப்பாள். புதிதாக வந்த ஒரு மேனேஜர் இது தெரியாமல், "உங்க பேர் என்னம்மா?" என்று என் பக்கத்துப் பெஞ்சு கஸ்தூரியைக் கேட்டார். "ஏழு" என்றாள் கஸ்தூரி. அவர் என்னைப் பார்த்தார். "நீங்க?" "இருபத்திநாலு" என்றேன். டோக்கன் நம்பர் என்று நினைத்து எழுதிக்கொண்டு போய்விட்டார் பாவம்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஷீபா நடக்க ஆரம்பித்த வயதிலேயே அதைக் கற்றுக்கொண்டாள். நான் பூத் தொடுக்கும்போதோ முறுக்குச் சுற்றும்போதோ "அம்மா பசிக்குது" என்பாள். "பன்னெண்டு" என்பேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் மஸ்கட்டுக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில், அழக்கூடாது என்று நான் வரிசையில் நின்ற தள்ளுவண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "போய்ட்டு வரட்டாம்மா?" என்றாள். "பதினாறு" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு இருபத்தெட்டு வரைக்கும் நின்றாள். அப்புறம் போனாள். அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்துமஸ் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

கம்பெனிக்கு ஒரு மெஷின் வந்தது. பெட்டி மாதிரி இருக்கும். பச்சை எழுத்தில் நம்பர் ஓடும். இத்தனை சுற்று என்று அழுத்திவிட்டால் அதுவே சுற்றி, அதுவே வெட்டிப் போடும். பதினோரு பேரில் இரண்டு பேர் போதும் என்று ஆயிற்று. நான் வீட்டுக்கு வந்தேன். கடைசி நாள் மெஷின் சுற்றிய ஒரு காயிலையும் நான் சுற்றிய ஒன்றையும் செக்கிங் அண்ணனிடம் கொடுத்து, எது யாருடையது என்று கேட்டேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். எனக்கு நடந்த வழியனுப்பு விழா அதுதான்.

குயில் வேலை செய்கிற மற்றவர்கள் நாடா தீர்கிறவரை சுருட்டுவார்கள். நான் அப்படி இல்லை. இருபத்தெட்டு எண்ணுவேன், மிச்ச நாடாவை வெட்டிவிட்டு நுனியில் பசை தடவுவேன். ஊசியின் கைப்பிடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். பொட்டு ஒரு தடவை மேலே வந்தால் ஒரு சுற்று.

ஸ்டெல்லா டீச்சர் 'மெஷின்' என்று சொன்னபோது எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும். என் வேலையை ஏற்கெனவே ஒரு மெஷின் எடுத்துக்கொண்டுவிட்டது. என் ஆட்டையும் அதன் பெயரில் எழுத நான் விடுவேனா?

மெஷினும் இருபத்தெட்டுதான்

"டீச்சர், இருங்க. ஒண்ண பிரிச்சு காட்றேன்" என்றேன்.

கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ஆட்டின் முதுகிலிருந்து ஒரு சுருளை நெம்பி எடுத்தேன். ஈரக் கைக்குட்டையால் நுனியைத் துடைத்துப் பசையை இளக்கினேன். மூக்குக் கண்ணாடிக் கூட்டில் எப்போதும் வைத்திருக்கிற ஊசியை எடுத்துச் சுருளின் நடுவில் செருகினேன்.

"நான் நாடாவ இழுக்கறேன். இந்த செவப்பு பொட்டு மேல வர்றப்ப எல்லாரும் எண்ணுங்க. இருபத்தெட்டு வரும். இருநூத்திப் பன்னெண்டும் இருபத்தெட்டுதான்."

பெண்கள் நெருங்கி வந்தார்கள். நாலு பேர் எண்ண ஆரம்பித்து, பத்து தாண்டியதும் ஹாலே எண்ணியது. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு. நாடா முடிந்துவிட்டது. மண்ணூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது, யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

டீச்சர் தலையை ஆட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை.

"சரிதான் எஸ்தர்க்கா. ஆனா மெஷினும் இருபத்தெட்டுன்னு வச்சா இருபத்தெட்டுதான சுத்தும்?"

அப்போதுதான் நான் மாட்டிக்கொண்டது எனக்கே தெரிந்தது. எத்தனை பிரிக்கிறேனோ அத்தனைக்கு அத்தனை நான் மெஷின் ஆவேன்.

"அப்ப இங்கயே சுத்தி காட்றேன்" என்று, பிரித்த அதே நாடாவைச் சுற்றினேன். கோபத்தில் அவசரப்பட்டேன். ஈரமான நாடா நழுவியது. முடித்து மேஜையில் வைத்தபோது அது ஒரு பக்கம் வீங்கி, இளகிக் கிடந்தது. மற்ற சுருள்களுக்குப் பக்கத்தில் அது யாரோ ஒரு விருந்தாளி மாதிரி இருந்தது.

ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "விடுங்க எஸ்தர், ஆன்லைன்ல வாங்கினா என்ன, அழகா இருக்குல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் ஆட்டை டீச்சர் பக்கம் நகர்த்தினேன்.

"டீச்சர், இந்த தடவ நான் தொட மாட்டேன். நீங்களே ஒண்ண எடுங்க, எங்கேர்ந்து வேணா எடுங்க. நீங்களே பிரிங்க."

டீச்சர் யோசித்துவிட்டு, ஆட்டின் காதுக்குப் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தார். ஈரத் துணியால் துடைத்தார், ஊசியைச் செருகினார், இழுத்தார். மறுபடியும் ஹால் எண்ணியது. இருபத்தேழு. இருபத்தெட்டு. எல்லாரும் நிறுத்தினார்கள்.

சிவப்புப் பொட்டு நிற்கவில்லை. மெதுவாக இன்னொரு தடவை மேலே வந்தது.

"இருபத்தொம்பது" என்றார் டீச்சர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மெஷின் தப்பு பண்ணாது எஸ்தர்க்கா. இது கைதான்! சத்தியமா கைதான். என்னய மன்னிச்சிருங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயருக்குப் போகப்போவது ஆடுதான் என்று அங்கேயே அறிவித்தார்.

நான் மட்டும், "இருங்க, தப்பா எண்ணிட்டீங்க. மறுபடியும் எண்ணுவோம்" என்றேன். மறுபடியும் சுற்றி, மறுபடியும் பிரித்து எண்ணினேன். இருபத்தொன்பதுதான்.

காதாண்ட சுற்றியது

ஜெயித்துவிட்டு அப்படி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆட்டைப் பழுது பார்க்கக் கையோடு கொண்டுவந்திருந்தேன். பொத்தான் அளவில் இரண்டு ஓட்டை. முதுகில் இருந்ததற்குப் புது நாடா எடுத்து ஒழுங்காக இருபத்தெட்டுச் சுற்றி ஒட்டினேன். அடுத்தது அந்த இருபத்தொன்பது. அதன் நாடாவையும் கத்தரிக்கோலையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சுற்றளவு வெட்டிவிட்டால் தீர்ந்தது.

தேவராஜ் சாப்பிட வந்து பார்த்தார்.

"ஜெய்ச்சிகினு வந்துட்டு இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிகினு கீற?"

"ஒரு சுத்து அதிகமாப் போச்சுய்யா."

"ஒரு சுத்துதான?"

"இருபத்திரண்டு வருசம் கம்பெனில ஒரு தட்டு திரும்பல. இன்னிக்கி ஹாலு பூரா பாக்க திரும்பிடுச்சு. தப்பு பண்ணதுக்கு கை தட்றாங்க. எனக்கு எப்டி கீது தெர்தா?"

அவர் ஆட்டைத் தூக்கிப் பார்த்தார். "எந்த எடம்?"

"காதாண்ட."

"காதாண்டயா?" ஆட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "காது நீ என்னிக்கி செஞ்ச, ஞாபகம் கீதா? பாப்பா போன் பண்ணா பாரு, அன்னிக்கி."

கத்தரிக்கோலை நான் வைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஆட்டின் காதுப் பக்கத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தேன். வீடியோவில் ஷீபா வந்தாள். நர்ஸ் உடுப்பில் இருந்தாள். முடிகூட அவிழ்க்கவில்லை.

"அம்மா."

"பத்தொம்போது" என்றேன்.

வழக்கம்போல் காத்திருந்தாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். எத்தனை வயதானாலும் அந்தப் பார்வை சம்மணம் போட்டு உட்கார்ந்த பார்வைதான். நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு போனேன். அவளால் முடியவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, இருபத்தெட்டு ஆவதற்குள் வாயைத் திறந்துவிட்டாள்.

"லீவு கெடச்சிடுச்சும்மா. நான் கிறிஸ்துமஸுக்கு வரேன்."

நான் எண்ணைச் சொல்லவில்லை. கை மட்டும் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் தேவராஜைக் கூப்பிட்டு, அவர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்து, மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசி ஒன்றும் கேட்காமல் போனது. எப்போது நாடாவை வெட்டினேன், எப்போது பசை தடவி ஒட்டினேன் என்பது எனக்கு நினைவே இல்லை.

அந்த ஒரு சுற்று என் மகள் 'வரேன்' என்று சொன்ன நேரம். அதை வெட்டிப் போட நான் என்ன பைத்தியமா? ஊசியில் நாடாவைச் செருகி, நிதானமாக, இந்த முறை தெரிந்தே இருபத்தொன்பது சுற்றினேன். எடுத்த இடத்திலேயே ஒட்டினேன்.

கிறிஸ்துமஸ் காலை

ஷீபா வந்து இறங்கிய அன்றே இந்தக் கதையைச் சொன்னேன். "உன்னாலதான்டி என் தட்டு திரும்பிடுச்சு" என்றேன்.

"என்னாலதானம்மா ஜெயிச்ச?" என்றாள்.

வாய் அப்பாவைக் கொண்டிருக்கிறது.

கிறிஸ்துமஸ் காலை சர்ச்சில் நிற்க இடம் இல்லை. புதுப் புடவை வாசனையும் மெழுகுவர்த்தி வாசனையும், வெளியே சமையல் பந்தலில் வேகிற பிரியாணி வாசனையும் கலந்து வந்தன. இந்த முறையும் முந்தின நாள் வெங்காயம் உரித்தவள் நான்தான், அதை ஒளிப்பானேன். ஷீபா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தப் பக்கம், முன்வரிசையை விட்டுவிட்டு வந்து, ஸ்டெல்லா டீச்சர்.

பிரசங்கம் முடிந்தது. ஆட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, சரிகைத் தாள் சுற்றிப் பீடத்தண்டை வைத்திருந்தார்கள். ஆயர் தாளைப் பிரித்தார். சட்டத்தை முகத்துக்கு நேராகத் தூக்கினார். பார்த்துக்கொண்டே நின்றார். ஆயரம்மா எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் மேய்த்ததற்கு ஒரு ஆட்டையாவது கையோடு கொண்டுபோகிறேன்" என்றார் ஆயர். சபை சிரித்தது. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

நான் முன் பெஞ்சில் தொங்கிய சீரியல் விளக்குகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

மைக் ஒரு தடவை கரகரத்தது. "இதைத் தன் கையால் செய்தவர், நம்முடைய எஸ்தர் தேவராஜ்."

ஸ்டெல்லா டீச்சர்தான் முதலில் கை தட்டியது. 'கையால்' என்ற சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. பின்னால் ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் அடித்த விசிலை ஆயர் காதில் விழாத மாதிரி விட்டுவிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் விளக்குகள் எல்லாம் தண்ணீரில் மிதந்தன. ஷீபா என் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மா, உன் பேரத்தான் சொல்றாங்க. எழுந்திரும்மா."

"இருபத்தொம்போது" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து எழுப்பினாள்.